உங்க நானூறும் என் ஆறாயிரமும்

என் அப்பாவின் முதல் சம்பளம் 400 ரூபாய். 1986-இல் பொங்கல் முடிந்த கையோடு செஞ்சியில் ஒரு ரைஸ் மில்லில் கணக்கு எழுதச் சேர்ந்தார். இது எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? செருப்பு அறுந்தபோது சொன்னார். செல்போன் கேட்டபோது சொன்னார். பிளஸ் டூ மார்க் வந்த அன்றைக்குச் சொன்னார். தோசைக்கு இரண்டாவது தடவை சட்னி கேட்டபோதுகூட ஒருமுறை சொன்னதாக ஞாபகம். மொத்தத்தில் 400 ரூபாயை இதுவரை 400 தடவையாவது கேட்டிருப்பேன்.

கோபித்துக்கொண்டு சொல்லவில்லை. எனக்கு அந்தக் கதை பிடிக்கும். கவரில் போட்டுக்கூடத் தரமாட்டார்களாம், நோட்டை எண்ணி நேராகக் கையில் வைப்பார்களாம். அதில் 300-ஐ ஆயாவிடம் கொடுத்துவிட்டு, மீதியில் காந்தி பஜாரில் தனக்கு ஒரு சட்டைத் துணி எடுத்தார். தையல் கூலிக்குக் காசில்லாமல் அடுத்த மாதம்தான் தைத்தார். நல்ல கதைதானே? எந்த வீட்டிலும் இப்படி ஒன்று இருக்கும். எழுபத்தைந்து ரூபாய், நூற்றிருபது ரூபாய், முதல் மாதம் அம்மாவுக்குப் புடவை, நண்பர்களுக்குப் புரோட்டா. கேட்கக் கேட்கச் சுகம்.

என் சண்டை கதையோடு இல்லை. அதே கதையை ஒரு முதலாளி, சம்பளம் பேசும் நேரத்தில், எதிரில் நிற்கும் பையனிடம் எடுத்து விடுகிறார் பாருங்கள், அங்கேதான்.

போன வருஷம் (2025) மே லீவில் ஒரு கடையில் பில்லிங் வேலைக்குப் போனேன். கடை பெயர் வேண்டாம், ஊர் சின்னது, நாளைக்கும் அந்த வழியாகத்தான் பஸ் ஏறணும். காலை 9 மணிக்கு ஷட்டர் தூக்கினால் இரவு 9. நடுவில் சாப்பிட அரை மணி. டாலியில் பில் போடணும், ஸ்டாக் எண்ணணும், ஆடிட்டருக்கு அனுப்ப ஜிஎஸ்டி விவரம் எடுத்து வைக்கணும், லாரி வந்தால் இறக்கவும் ஒரு கை கொடுக்கணும். மாதம் 6,000. ஞாயிறு மட்டும் லீவு, அதாவது 26 நாள், 312 மணி நேரம். காமர்ஸ் படிக்கிறவனுக்குக் கை சும்மா இருக்குமா, வகுத்துப் பார்த்தேன். ஒரு மணி நேரத்துக்கு 19 ரூபாய் 23 காசு. ஒரு டீயும் ஒரு வடையும்.

முதல் மாதம் முடிந்ததும் தயங்கித் தயங்கிக் கேட்டேன், "அண்ணா, கொஞ்சம் சேர்த்துக் கொடுக்க முடியுமா?" அவர் கோபப்படவே இல்லை. நாற்காலியில் சாய்ந்து சிரித்தார்.

"தம்பி, நான் எண்பத்தி ரெண்டுல பாரிஸ் கார்னர்ல நூத்தியம்பது ரூபாய்க்கு ஆரம்பிச்சவன். மூட்டை தூக்கியிருக்கேன். இன்னிக்குப் பாரு" என்று கடையைச் சுற்றி ஒரு கை காட்டினார்.

பேச்சு முடிந்துவிட்டது. நான் கேட்டது என் சம்பளத்தை, அவர் சொன்னது அவர் வரலாற்றை. அதற்கு மேல் என்ன பேசுவது? "நீங்கள் மூட்டை தூக்கியிருக்கவே கூடாது" என்றா சொல்ல முடியும்? தலையை ஆட்டிவிட்டு வந்து பில் போட்டேன்.

ஆனால் ராத்திரி தூக்கம் வரவில்லை. அவருடைய 150-ஐ விட்டுவிட்டு (அவருக்குச் சாப்பாடும் தங்க இடமும் கடையே கொடுத்தது, அதை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை) எனக்கு நன்றாகத் தெரிந்த அப்பாவின் 400-ஐ எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மத்திய அரசின் லேபர் பீரோ மாதாமாதம் தொழிலாளர்களுக்கான விலைக் குறியீடு ஒன்றை வெளியிடுகிறது. அரசு ஊழியர்களின் பஞ்சப்படி இதை வைத்துத்தான் ஏறுகிறது. 1960-இன் விலையை 100 என்று வைத்தால், அப்பா வேலைக்குச் சேர்ந்த 1986-இன் தொடக்கத்தில் அது 608. அதற்குப் பிறகு அடிப்படை ஆண்டை 1982, 2001, 2016 என்று மூன்று தடவை மாற்றிவிட்டார்கள். பழைய கணக்கோடு புதுசைச் சேர்த்துப் பார்க்க இணைப்புக் காரணிகளும் கொடுத்திருக்கிறார்கள்: 4.93, 4.63, 2.88. 2025-இன் நடுவில் புதுக் குறியீடு 145-ஐ ஒட்டி இருந்தது. எல்லாவற்றையும் பெருக்கி 608-ஆல் வகுத்தால் 15.7 வரும். அதாவது 1986-இல் ஒரு ரூபாய்க்கு வாங்கியதை 2025-இல் வாங்க 15 ரூபாய் 70 காசு வேண்டும்.

அப்பாவின் 400 இப்போது எவ்வளவு? சுமார் 6,300 ரூபாய்.

இரண்டு தடவை கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்தேன். தப்பு இல்லை. எனக்குக் கொடுத்தது 6,000. பத்தாவது முடித்துவிட்டு, நோட்டில் பேனாவால் கணக்கு எழுதிய என் அப்பாவுக்கு 1986-இல் கிடைத்த அதே சம்பளம்தான், கொஞ்சம் குறைத்து, எனக்கும் கிடைத்திருக்கிறது. நடுவில் 39 வருஷம். கம்ப்யூட்டர் வந்தது, 2017-இல் ஜிஎஸ்டி வந்தது, பி.காம். வந்தது, அதற்குப் பீஸும் பஸ் காசும் கட்டியாயிற்று. விலைவாசியைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் இந்த நாட்டில் தலைக்கு வருமானம் அந்த நாளில் இருந்ததைவிட நான்கு மடங்குக்கு மேல் வளர்ந்திருக்கிறது. எங்கள் ஊர் பில்லிங் டேபிளில் மட்டும் இன்னும் 1986 பொங்கல்தான் நடக்கிறது.

"நாங்க அந்தக் காலத்துல நானூறு ரூபாய்க்கு வேலை பார்த்தோம்" என்று அலுத்துக்கொள்கிற பெருசுகளே, நாங்களும் அதே நானூறு ரூபாய்க்குத்தான் வேலை பார்க்கிறோம்! நோட்டில் காந்தி படம் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொரு அளவுகோல் வைத்துப் பார்த்தால் கதை இன்னும் மோசம். 1986 ஜனவரி முதல் அமலுக்கு வந்த நாலாவது ஊதியக்குழுவில் மத்திய அரசின் கடைசிப் படி ஊழியருக்கு அடிப்படைச் சம்பளம் 750 ரூபாய். அப்பாவின் 400 அதில் பாதிக்கு மேல். மில் கணக்குப்பிள்ளைக்கும் தபாலாபீஸ் ஊழியருக்கும் வித்தியாசம் இருந்தது, ஆனால் ஒரே தெருவில் குடியிருக்க முடிந்தது. இப்போது ஏழாவது ஊதியக்குழுவின் கடைசிப் படி 18,000. அதற்கு மேல் 2025 ஜூலை முதல் பஞ்சப்படி 58 சதவீதம். கூட்டினால் 28,440. என் 6,000 அதில் கால்வாசி கூடத் தேறவில்லை. பிறகு ஏன் இந்தப் பையன்கள் எல்லாம் டிஎன்பிஎஸ்சி புத்தகத்தைக் கட்டிக்கொண்டு நூலகத்திலேயே கிடக்கிறார்கள் என்று டீக்கடையில் கேட்கிறார்கள். பின்னே? கணக்குப் போடத் தெரிந்த பையன் வேறு என்ன செய்வான்?

தங்கத்தை வைத்தும் ஒரு கணக்கு உண்டு, அதை நானே நம்பமாட்டேன் என்றாலும் சொல்லிவைக்கிறேன். 1986-இல் பத்து கிராம் சுத்தத் தங்கம் 2,140 ரூபாயை ஒட்டி. அப்பாவின் சம்பளத்துக்கு ஒன்றே முக்கால் கிராமுக்கு மேல் வரும். 2025 அக்டோபரில் சென்னையில் சவரன் 90 ஆயிரத்தைத் தாண்டியது, என் சம்பளத்துக்கு அரை கிராம்தான் தேறும். ஆனால் தங்கம் தனியாகத் தறிகெட்டு ஏறுகிற சரக்கு. அப்பா சம்பளத்தில் தங்கம் வாங்கினதும் இல்லை. என் கட்சிக்குச் சாதகமாக இருக்கிறது என்பதற்காக அந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டு ஆடினால் நானும் அந்த முதலாளி மாதிரிதான்.

நியாயமாக ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்தக் காலம் சொர்க்கம் என்று நான் சொல்லவே இல்லை. 1980-இல் வந்த 'வறுமையின் நிறம் சிவப்பு' படம் வேலை கிடைக்காத பட்டதாரிகளைப் பற்றியதுதான். எம்ப்ளாய்மென்ட் எக்சேஞ்சில் பதிந்துவிட்டு கார்டு வரும் வரும் என்று தபால்காரர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்து, பார்த்துக்கொண்டே வயசைத் தாண்டியவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அந்தத் தலைமுறை பட்டினியும் பார்த்தது. அதனால்தான் சொல்கிறேன், கஷ்டப்பட்டவர்கள் அந்தக் கஷ்டத்தை ஒரு தராசுக் கல்லாக எடுத்து வைத்து அடுத்தவனை நிறுக்கக் கூடாது.

இன்னொரு விஷயம் கவனித்தீர்களா? முதல் சம்பளக் கதையை யார் சொல்கிறார்கள்? ஜெயித்தவர்கள். கடை வைத்தவர், வீடு கட்டியவர், மகனை இன்ஜினியர் ஆக்கியவர். அவரோடு அதே பாரிஸ் கார்னரில் அதே 150-க்கு மூட்டை தூக்கிய இன்னொரு பையன் இப்போது எங்கே? இடுப்பு உடைந்து ஊருக்குத் திரும்பியிருக்கலாம். அவன் கதையைக் கேட்க யார் கல்லாப் பக்கம் நாற்காலி போடுகிறார்கள்?

எங்கள் வீட்டிலேயே பாருங்கள். அப்பாவின் 400 ஊருக்கே தெரியும். அம்மாவின் முதல் சம்பளம் எனக்கு இருபத்தோரு வயசு வரை தெரியாது. இந்தக் கணக்கெல்லாம் போட்டுக்கொண்டிருந்தபோது சும்மா கேட்டேன். பூண்டு உரித்துக்கொண்டே சொன்னார், கல்யாணத்துக்கு முன்னால் 1998-இல் ஒரு தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. டீச்சர். 600 ரூபாய். "ஆனா கையெழுத்து ஆயிரத்தி எரநூறுக்குப் போடணும்." ஏம்மா, கேட்கவில்லையா? "கேட்டா? அடுத்த வருஷம் வேற பொண்ணு வரும்." இதில் பெருமையாகச் சொல்ல என்ன இருக்கிறது, அதனால்தான் சொல்லவில்லை. அந்த 600, விலைவாசிக் கணக்கில் அப்பாவின் 400-ஐவிடக் குறைவு. 1986-க்கும் 1998-க்கும் நடுவில் விலை மூன்று மடங்கு ஆகியிருந்தது.

ஆயாவிடமும் கேட்டேன். ஆயாவுக்கு ரூபாயே ஞாபகம் இல்லை. மல்லாட்டை ஆயப் போனதுதான் முதல் வேலை. (வெளியூர்க்காரர்களுக்கு: வேர்க்கடலை.) கூலியும் மல்லாட்டைதான். நாள் முழுக்கக் குனிந்து ஆய்ந்ததில் ஒரு பங்கு, மரக்காலால் அளந்து முந்தானையில் கொட்டுவார்களாம். "அளக்கறவன் மரக்காலைக் குலுக்காம அளப்பான் கண்ணு. குலுக்குன்னு சொன்னா மறுநாள் கூப்பிட மாட்டான்." குலுக்காமல் அளந்தால் இடைவெளி விழும், கூலி குறையும்.

எனக்கு இதைக் கேட்டதும் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. ஆயாவுக்கு மரக்காலைக் குலுக்கவில்லை. அம்மாவுக்கு 1,200-க்குக் கையெழுத்து. எனக்கு "நான் நூத்தியம்பதுல ஆரம்பிச்சவன்".

இப்போதெல்லாம் இதற்கு இன்னொரு பெயர் 'ட்ரெய்னிங்'. வேலைக்கு எடுத்தோம் என்று சொல்லமாட்டார்கள், கற்றுக்கொடுக்கிறோம் என்பார்கள். என் வகுப்பில் ஒருத்தன் மூன்று மாதம் சம்பளமே இல்லாமல் ஒரு ஆபீஸில் கற்றுக்கொண்டான். என்ன கற்றான் என்றால், ஜெராக்ஸ் எடுக்க. இன்னொருத்தியிடம் ஒரிஜினல் மார்க் ஷீட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள், நடுவில் ஓடிவிடக் கூடாதாம். நிஜமாகவே கற்றுக்கொடுப்பதாக இருந்தால் அதற்கென்று 1961-லிருந்தே அப்ரண்டிஸ் சட்டம் இருக்கிறது. 2019-இல் திருத்திய விதிகளின்படி பட்டதாரி அப்ரண்டிஸுக்கு மாதம் குறைந்தது 9,000. பதிவு செய்த ஒப்பந்தம் வேண்டும். அந்தப் பக்கமே யாரும் போவதில்லை, ட்ரெய்னிங் என்ற வார்த்தையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

சட்டம் என்று பேச்சு வந்ததால்: கடை வேலைக்கு இந்த ஊரில் சட்டமே இல்லை என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இருக்கிறது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947. நம் சுதந்திரத்தின் வயசு. நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48. ஓவர்டைம் சேர்த்தாலும் நாளுக்குப் பத்து மணியைத் தாண்டக் கூடாது. ஓவர்டைமுக்கு இரட்டிப்புக் கூலி. 2021-இல் இதே சட்டத்தில்தான் கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்று சேர்த்தார்கள். 'அங்காடித் தெரு' படம் வந்தது 2010-இல். உட்கார ஒரு ஸ்டூல் சட்டத்தில் ஏற அதற்குப் பிறகு 11 வருஷம் ஆகியிருக்கிறது. நான் வேலை பார்த்த கடையில் ஸ்டூல் இருந்தது, பெயிண்ட் டப்பா வைத்திருந்தார்கள்.

பக்கத்துக் கிராமங்களில் ஏரி வேலைக்குப் போகிறவர்களுக்கு நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2025-26-க்குத் தமிழ்நாட்டில் அறிவித்த கூலி ஒரு நாளைக்கு 336 ரூபாய். வேலையை அளந்துதான் கொடுக்கிறார்கள், பல இடங்களில் முழுசாகக் கைக்கு வந்ததில்லை, அது தனிச் சண்டை. ஆனாலும் 26 நாளுக்குப் பெருக்கிப் பார்த்தால் 8,736. அந்தக் கூலி அதிகம் என்று முறைக்கிற கடைக்காரர்கள் எங்கள் பஜாரில் நிறைய பேர். ஆள் கிடைக்க மாட்டேங்குது என்று புலம்புவார்கள். ஆள் கிடைக்கிறது சார். நீங்கள் கொடுக்கிற விலைக்குக் கிடைக்கவில்லை. அரிசிக்கு விலை ஏறினால் மார்க்கெட் என்கிறீர்கள், ஆளுக்கு விலை ஏறினால் மட்டும் சோம்பேறித்தனம் என்கிறீர்கள். இது எந்த எகனாமிக்ஸ்?

சின்னக் கடைக்காரர்களின் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. இரண்டு மாதம் அவர் கணக்கை நான்தான் போட்டேன். கடன் நோட்டு எவ்வளவு தடிமன் என்று எனக்குத் தெரியும். அறுவடை முடிந்து நெல் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குப் போய்க் காசு வந்தால்தான் பாதிப் பேர் பாக்கியைக் கட்டுவார்கள். ஆன்லைனில் ஒரு ரூபாய் குறைவாகக் கிடைத்தால் அங்கே போய்விடுவார்கள். உண்மையிலேயே 6,000-க்கு மேல் அவரால் முடியாமல்கூட இருக்கலாம். அப்படியானால் "தம்பி, என்னால இவ்ளோதான் முடியும், நேரத்தை வேணா குறைச்சுக்கோ, ஆறு மணிக்குக் கிளம்பு" என்று சொல்லியிருக்கலாமே? அது ஒரு மனுஷன் இன்னொரு மனுஷனோடு பேசுகிற பேச்சு. நான் சரி என்று சொல்லியிருப்பேன். 150 ரூபாய்க் கதை அப்படி இல்லை. அதைச் சொன்னதும் கேட்டவன்தான் தப்பு பண்ணியவன் ஆகிவிடுகிறான். பணம் கேட்கப் போனவன் மன்னிப்புக் கேட்டுவிட்டு வருகிறான்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. 2025 ஜூலையில் எங்கள் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. மராத்தியர் காலத்துக் கோட்டைகள் என்று மொத்தம் பன்னிரண்டு, மகாராஷ்டிரத்தில் பதினொன்று, தமிழ்நாட்டில் இது ஒன்றுதான். ராஜகிரி அடிவாரத்தில் நின்றுகொண்டு யார் யாரோ பேசினார்கள், டூரிஸ்ட் வருவான், ஓட்டல் வரும், வேலை வரும் என்று. வரட்டும், சந்தோஷம். ஆனால் வருகிற வேலைக்கு முதல் மாதச் சம்பளம் எவ்வளவு என்று ஒருத்தரும் பேசக் காணோம். ரிசப்ஷனில் நிற்கப்போகிற பெண்ணுக்கும், கோட்டையைச் சுற்றிக் காட்டப்போகிற பையனுக்கும், ஓட்டல் முதலாளி ஒரு 150 ரூபாய்க் கதையைத் தயாராக வைத்திருப்பார். தேசிங்கு ராஜன் குதிரைக்கே கொள்ளு சரியாக வைத்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

போன வாரம் திண்டிவனத்தில் ஒரு ஆபீஸிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். அக்கவுண்ட்ஸ் வேலை, பரீட்சை முடிந்ததும் சேரலாம், 7,000. பஸ்ஸுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் போக எவ்வளவு நிற்கும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அப்பா வந்ததும் சொன்னேன். எதிர்பார்த்த மாதிரியே, "ஒத்துக்கோடா, நான்லாம் நானூறு ரூபாய்க்கு..." என்று ஆரம்பித்தார். நான் அந்தப் பேப்பரை எடுத்து நீட்டினேன். 608, 15.7, 6,300, 750, எல்லாம்.

கண்ணாடி போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். மில்லில் கணக்கு எழுதியவர் இல்லையா, கூட்டலையெல்லாம் விரலால் தொட்டுத் தொட்டுச் சரிபார்த்தார். பிறகு அந்த 750-இல் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்.

"அப்போ எனக்கே அன்னிக்குக் கம்மியாத்தான் குடுத்திருக்கான், இல்ல?"

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவரே தொடர்ந்தார். நான் இதுவரை கேட்டிராத பகுதி அது. 1987-இல் ஐம்பது ரூபாய் கூடக் கேட்டிருக்கிறார். "நான் வண்டி மாட்டை ஓட்டிக்கிட்டு ஆரம்பிச்சவன்டா" என்றாராம் மில் முதலாளி. அந்த வருஷம்தான் இரண்டாவது லாரி வாங்கினார்களாம். லாரிக்குப் பூஜை போட்ட செலவுக் கணக்கை எழுதியதே அப்பாதானாம்.

பேப்பரை மடித்து என் கையில் கொடுத்தார்.

"பத்தாயிரம்னு கேளு. ஒம்பதுக்குக் கீழ இறங்காத. பேப்பரையும் எடுத்துட்டுப் போ." இரண்டடி போய்விட்டுத் திரும்பினார். "சட்டைய இன் பண்ணிக்கிட்டுப் போடா."

திங்கட்கிழமை போகிறேன்.